ஏர்பிரஷ்ஷுக்குப் பெயின்ட்டைப் பதமாகக் கரைப்பது எப்படி?

புதிதாக ஏர்பிரஷ் வாங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பங்கு பெயின்ட்டுக்கு, அதை இளக்கும் திரவமான தின்னர் எத்தனை பங்கு? ஒருவர் ஒன்றுக்கு ஒன்று என்பார். இன்னொருவர் ஒன்றுக்கு இரண்டு என்பார். மூன்றாமவர் கரைக்கவே வேண்டாம், அப்படியே ஊற்று என்பார். மூவர் சொல்வதும் அவரவர் பெயின்ட்டுக்கும் நாசிலுக்கும் (பெயின்ட் வெளிவரும் நுனித் துளை) சரியாகத்தான் இருக்கும். உங்கள் கப்பில் இருக்கும் பெயின்ட்டுக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம். ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில்கூட வெள்ளை ஒரு கெட்டி, கறுப்பு ஒரு கெட்டி. பலமுறை திறந்து மூடிய பாட்டிலில் ஈரம் கொஞ்சம் போய், புதுப் பாட்டிலைவிடப் பெயின்ட் தடித்திருக்கும். அதனால் விகிதத்தைத் தொடங்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதம் சரியா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யப் பழகிவிட்டால் எந்த பிராண்டு கையில் வந்தாலும் சமாளிக்கலாம்.

பிளாஸ்டிக் மாடல்கள், சிறு உருவச் சிலைகள், கைவினைப் பொருட்கள் ஆகியவற்றுக்கு ஏர்பிரஷ் பிடிப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஹார்டனர் எனும் இறுகவைக்கும் திரவம் கலந்து அடிக்கும் இரண்டு பாக வாகன பெயின்ட் இதில் சேராது. அதில் நுரையீரலுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கும். அதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகக்கவசம் தேவை என்பதால் வீட்டில் தொடங்குபவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

எதற்காகக் கரைக்கிறோம்?

பரவலாகப் புழங்கும் ஏர்பிரஷ் நாசிலின் துளை 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். அந்தத் துளைக்குள்ளும் ஊசி ஒன்று செருகி நிற்கிறது. டிரிகரை அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் பெயின்ட் வரும். இழுக்கும்போது ஊசி பின்வாங்கி, அதைச் சுற்றி மெல்லிய வளையம்போல இடைவெளி திறக்கிறது. வெளியே வேகமாகப் பாயும் காற்று நுனியில் அழுத்தத்தைக் குறைத்து, அந்த இடைவெளி வழியாகப் பெயின்ட்டை இழுத்துச் சிறு துளிகளாகச் சிதறடிக்கிறது. தூரிகைக்காகத் தயாரான பெயின்ட் தடவிய இடத்தில் வடியாமல் நிற்க வேண்டும் என்பதற்காகக் கெட்டியாக இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் ஒன்று வராது, அல்லது பெரிய துளிகளாகத் துப்பும்.

ஆனால் நீர்க்க நீர்க்க நல்லது என்றும் இல்லை. பெயின்ட்டில் நிறம் தரும் தூள் இருக்கிறது. அந்தத் தூளை ஒன்றோடொன்றும் பரப்போடும் ஒட்டவைக்கும் பைண்டர் இருக்கிறது. இரண்டையும் தாங்கும் திரவம் இருக்கிறது. அளவுக்கு மீறிக் கரைத்தால் பைண்டர் மெலிந்து, காய்ந்த படலம் பலவீனமாகிவிடும். மறுநாள் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது நிறமும் சேர்ந்து வரும். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கில் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

பெயின்ட் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விகிதத்தைவிட முக்கியமான கேள்வி இதுதான். பாட்டிலில் "அக்ரிலிக்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஏனென்றால் அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு ரகங்கள் விற்கின்றன.

முதலாவது, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களால் ஆன அக்ரிலிக். வல்லேஹோ போன்றவை இந்த ரகம். காயும்போது துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகும். காய்ந்த பின் தண்ணீரில் திரும்பக் கரையாது. இதற்கு அதே கம்பெனியின் ஏர்பிரஷ் தின்னர் நல்லது. இல்லையென்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் சில சொட்டு ஃப்ளோ இம்ப்ரூவர் கலந்து பயன்படுத்தலாம். வெறும் தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம். பிளாஸ்டிக் மேல் பரவாமல் முத்து முத்தாக ஒதுங்கி நிற்கும். அந்த இழுவிசையைக் குறைப்பதுதான் ஃப்ளோ இம்ப்ரூவரின் வேலை. இந்த ரகத்தில் ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் ஊற்ற வேண்டாம். பல பெயின்ட்டுகள் அந்த நொடியே திரிந்து ரப்பர் கட்டியாகிவிடும். அதை நாசிலிலிருந்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இரண்டாவது, ஆல்கஹால் கலந்த திரவத்தில் கரைந்த அக்ரிலிக். தமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகளும் மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையும் இப்படிப்பட்டவை. இவற்றுக்குத் தமியாவின் எக்ஸ்-20ஏ தின்னர், ஐசோப்ரோப்பில் ஆல்கஹால், ஏன், லாக்கர் தின்னர்கூட ஒத்துவரும். லாக்கர் தின்னரில் கரைத்தால் படலம் இன்னும் வழவழப்பாகவும் கெட்டியாகவும் வரும் என்பது பலரும் கண்ட அனுபவம். எனக்கும் அதுதான் பிடிக்கும், வாடையைப் பொறுத்துக்கொண்டால். கடையில் கவனிக்க வேண்டிய ஒன்று: எக்ஸ்-20ஏ என்பது அக்ரிலிக்குக்கு. கடைசி எழுத்து இல்லாத எக்ஸ்-20 எனாமலுக்கு. இரண்டு பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்றாவது லாக்கர். மிஸ்டர் கலர், தமியாவின் எல்பி வரிசை போன்றவை. லாக்கர் தின்னர் மட்டுமே. "லெவலிங்" என்ற பெயரில் வரும் தின்னரில் உலர்வதைத் தாமதப்படுத்தும் பொருளும் சேர்ந்திருக்கும். துளிகள் பரப்பில் விழுந்த பின் ஒன்றோடொன்று கூடிச் சமமாக அது நேரம் தரும். ஏர்பிரஷ்ஷுக்கு மிக எளிதாக ஒத்துழைக்கும் ரகம் லாக்கர்தான், ஆவிதான் தொல்லை.

நான்காவது எனாமல். ஹம்ப்ரால் போன்றவை. எனாமல் தின்னர் அல்லது ஒயிட் ஸ்பிரிட் போதும். மெதுவாகக் காயும் என்பதால் நாசில் நுனியில் உலர்ந்து அடைக்கும் பிரச்சினை குறைவு. ஆனால் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே நிறையக் காத்திருக்க வேண்டும்.

எந்த ரகம் என்றே தெரியாத பழைய பாட்டில் கிடைத்தால், பிளாஸ்டிக் மூடி ஒன்றில் ஒரு சொட்டு பெயின்ட், ஒரு சொட்டு தின்னர் விட்டுப் பல்குச்சியால் கலக்கிச் சில நிமிடம் பாருங்கள். மணல்போலத் திரிந்தாலோ இழை இழையாக இழுபட்டாலோ அந்த ஜோடி ஆகாது. வழவழப்பாக ஒன்று சேர்ந்தால் மேலே போகலாம். ஒரு ரகப் பெயின்ட்டை இன்னொரு ரகத்தோடு கப்பில் கலப்பதற்கும் இதே சோதனைதான். கலக்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

மூச்சுக்குப் பாதுகாப்பு

தண்ணீர் பெயின்ட்டுதானே என்று வெறும் முகத்தோடு அடிக்காதீர்கள். பைண்டரும் நிறத்தூளும் நுரையீரலுக்குள் போனால் தண்ணீர் பெயின்ட் என்பதால் சலுகை எதுவும் இல்லை. தண்ணீர் ரகத்துக்கு என்95 போன்ற துகள் வடிகட்டும் முகக்கவசம் குறைந்தபட்சம். லாக்கர், எனாமல், ஆல்கஹால் வாடையை என்95 தடுக்காது. அதற்குக் கரிம ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். வாடை உள்ளே தெரிய ஆரம்பித்தால் கார்ட்ரிட்ஜை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

காற்று வெளியே போக வழி இருக்கட்டும். தின்னர் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கக் கூடியது என்பதால் பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது. கையில் நைட்ரைல் கையுறை. ஓவியர்கள் பயன்படுத்தும் டியூப் பெயின்ட்டைக் கரைத்து அடிப்பதாக இருந்தால் லேபிளைப் படியுங்கள். காட்மியம் கலந்த நிறங்களைத் தூரிகையால் தீட்டலாம், ஸ்பிரே செய்யக் கூடாது.

கலக்கும் முறை

பாட்டிலைக் குலுக்குவதிலிருந்தே வேலை தொடங்குகிறது. நாளாகக் கிடந்த பாட்டிலில் நிறத்தூள் அடியில் படிந்து, மேலே தெளிந்த திரவம் மட்டும் நிற்கும். அப்படியே சொட்டுவிட்டால் உங்கள் கணக்கில் பெயின்ட் 10 சொட்டு, நிஜத்தில் அதில் பாதி வெறும் திரவம். மூடி திறக்கும் பாட்டில் என்றால் குச்சியால் அடியைச் சுரண்டிக் கிளறுங்கள். குச்சியில் கட்டி ஒட்டாத வரை விடாதீர்கள். சொட்டு மூக்குள்ள பாட்டில் என்றால் உள்ளே ஒன்றிரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது கண்ணாடிக் குண்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். சாதாரண இரும்புக் குண்டு வேண்டாம், தண்ணீர் பெயின்ட்டில் துருப்பிடித்து நிறத்தையே மாற்றிவிடும்.

அப்புறம், கலப்பதை ஏர்பிரஷ் கப்பில் செய்யாமல் தனிச் சிறு கிண்ணத்தில் செய்யுங்கள். ஏர்பிரஷ் கப்பிலேயே கலப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. கை பழகிய பின் நீங்களும் செய்யலாம். தொடக்கத்தில் தனிக் கிண்ணம்தான் சரி. கட்டி இருந்தால் கண்ணில் படும், பதம் தப்பினால் திருத்தலாம், நாசிலுக்கு எதுவும் ஆகாது.

கிண்ணத்தில் முதலில் பெயின்ட்டை விடுங்கள். சொட்டுக் கணக்கு வைத்துக்கொள்வது எளிது. தண்ணீர் என்றால் சுமார் 20 சொட்டு ஒரு மில்லி. பெயின்ட் சொட்டு பெரிதாகவும் தின்னர் சொட்டு சிறிதாகவும் இருக்கலாம். அதனால் ஒரே மாதிரி பிப்பெட்டால் இரண்டையும் எடுத்தால்தான் கணக்குக்கு அர்த்தம். நினைத்த தின்னரில் பாதியை ஊற்றி, கிண்ணத்தின் ஓரம், அடி எல்லாம் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். ஒரே சீரான பின் மீதியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மொத்தத் தின்னரையும் ஒரேயடியாக ஊற்றினால் பெயின்ட் அடியில் கட்டியாகத் தங்கி, மேலே நிறத்தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும்.

எங்கே தொடங்குவது? 0.3 நாசிலை வைத்துச் சொல்கிறேன். தூரிகைக்கான தண்ணீர் அக்ரிலிக் என்றால் பெயின்ட்டும் தின்னரும் சமபங்கு. ஏர்பிரஷ்ஷுக்கென்றே வரும் அக்ரிலிக் என்றால் 10 சொட்டுக்கு ஒன்றிரண்டு சொட்டு தின்னர் போதும்; சில சமயம் அதுவும் தேவைப்படாது. தமியா போன்ற ஆல்கஹால் ரகத்துக்கு ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு ஒன்றரை பங்கு தின்னர். லாக்கருக்கு ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு இரண்டு. எனாமலுக்கு இரண்டு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு தின்னரில் ஆரம்பித்துத் தேவைக்குத் தகுந்தபடி இளக்குங்கள். 0.2 நாசில் என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் நீர்க்க, 0.5 என்றால் கொஞ்சம் கெட்டியாக.

ஃப்ளோ இம்ப்ரூவரோ, உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரோ சேர்ப்பதாக இருந்தால் கடைசியில், 10 சொட்டுக் கலவைக்கு ஒரு சொட்டு என்ற அளவில். ரிடார்டர் கூடினால் பெயின்ட் நாள் முழுக்கப் பிசுபிசுக்கும்.

கலக்கிய பின் ஒரு நிமிடம் விட்டால் குமிழ்கள் அடங்கும். பழைய பெயின்ட் என்றால் நுண்ணிய நைலான் வலையில் வடிகட்டுங்கள். மூடி ஓரத்தில் காய்ந்து உதிரும் ஒரு சிறு தோல் போதும் நாசிலை அடைக்க. வடிகட்டுவதைச் சோம்பலால் தவிர்ப்பவர்கள் அந்த நேரத்தை நாசில் கழற்றுவதில் செலவழிப்பார்கள்.

ஏர்பிரஷ் கப்பில் பெயின்ட்டுக்கு முன்னால் இரண்டு சொட்டு தின்னரை விட்டு, டிரிகரை லேசாக இழுத்து நாசில்வரை நனைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கலவை. கப்பிலேயே கலப்பதாக இருந்தாலும் இதே வரிசைதான்: தின்னர் முதலில், பெயின்ட் அடுத்து. பெயின்ட் முதலில் போனால் கெட்டியான பகுதி நேரே நாசிலின் கழுத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே எவ்வளவு கலக்கினாலும் அங்கே கலங்காது.

பதம் பார்ப்பது

"பால் பதம்" என்று எல்லாரும் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் பாலிலும் ஆடை நீக்காத பால் உண்டு, தண்ணீர்ப் பால் உண்டு. அதனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தாமல் இரண்டு சோதனைகள் செய்யுங்கள்.

முதல் சோதனை கிண்ணத்தின் சுவரில். கலக்கிய குச்சியால் கொஞ்சம் கலவையை எடுத்துக் கிண்ணத்தின் உள்பக்கம் மேலே தடவி, இறங்குவதைப் பாருங்கள். சீராக வழிந்து இறங்கி, பின்னால் நிறமுள்ள மெல்லிய படலத்தை விட்டுச் சென்றால் பதம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. இடத்தைவிட்டு நகராமல் தடித்து நின்றால் கெட்டி. சட்டென்று ஓடிப்போய், சுவரில் ஏதோ கறை மட்டும் மிஞ்சினால் நீர்த்துவிட்டது. அப்போது ஒன்றிரண்டு சொட்டு பெயின்ட் சேர்த்துத் திருத்தலாம்.

இரண்டாவது சோதனைதான் தீர்ப்பு: அடித்துப் பார்ப்பது. காகிதத்தில் மட்டும் அடித்து முடிவெடுக்காதீர்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் நீர்த்த கலவைகூட அதில் நன்றாகத் தெரியும். அதே கலவை பிளாஸ்டிக்கில் வழிந்து ஓடும். பிரைமர் (நிறம் ஒட்டுவதற்கான அடிப்பூச்சு) அடித்த வீண் பிளாஸ்டிக் துண்டோ பழைய பிளாஸ்டிக் ஸ்பூனோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு புள்ளி, அடுத்து ஒரு கோடு, கடைசியில் அகலமான ஒரு வீச்சு. புள்ளி ஓரம் சிதறாமல் மென்மையாக வந்து, கோடு நடுவில் அறுபடாமல் ஓடி, அகல வீச்சு ஈரமாகப் பளபளத்துச் சில நொடிகளில் மங்கினால் மாடலுக்குப் போகலாம்.

ஒரே வீச்சில் முழு நிறமும் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சரியாகக் கரைத்த பெயின்ட் முதல் வீச்சில் அடியில் இருப்பதைக் காட்டத்தான் செய்யும். இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளில் நிறைவதுதான் இயல்பு. "மூடவில்லையே" என்று கப்பில் இன்னும் பெயின்ட் ஊற்றிக் கெட்டியாக்குவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

காற்றழுத்தம்

பதமும் அழுத்தமும் ஜோடி. ஒன்றை மாற்றினால் மற்றதையும் பார்க்க வேண்டும். மேலே கப் உள்ள ஏர்பிரஷ்ஷுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 1 முதல் 1.4 பார், நல்ல தொடக்கம். மெல்லிய கோடுகளுக்கு 8 முதல் 12 வரை இறக்கலாம். அப்போது பெயின்ட்டையும் அதற்கேற்ப நீர்க்க வேண்டும். கீழே பாட்டில் தொங்கும் ரகத்துக்குப் பெயின்ட்டை மேலே இழுக்க வேண்டியிருப்பதால் 25க்குக் கிட்டத்தட்டத் தேவைப்படும். டிரிகரை அழுத்திக் காற்று ஓடும்போது காட்டும் எண்ணைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். காற்று நின்றிருக்கும்போது காட்டும் எண் எப்போதும் சற்று அதிகமாகவே இருக்கும்.

கெட்டிப் பெயின்ட்டை அழுத்தத்தைக் கூட்டித் தள்ளிவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் வேலை செய்யவும் செய்யும். ஆனால் அதிகக் காற்று துளிகளைப் பறக்கும்போதே காயவைத்து, பரப்பைத் தூசி படிந்ததுபோலச் சொரசொரப்பாக்கிவிடும். பதத்தைச் சரிசெய்து அழுத்தத்தைக் குறைப்பதே என் கட்சி.

பரப்பில் தெரியும் அறிகுறிகள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பதம் பிடிபடுவது இங்கேதான்.

பெயின்ட் விழுந்த இடத்திலிருந்து சிலந்திக் கால்போலக் கோடுகள் நாலாபுறமும் ஓடினால், அந்த இடத்தில் ஈரம் அதிகமாகி, காற்று அதைத் தள்ளுகிறது. கலவை நீர்த்திருக்கலாம், அழுத்தம் கூடியிருக்கலாம், மிகக் கிட்டத்தில் பிடித்திருக்கலாம், அல்லது டிரிகரை அதிகமாக இழுத்திருக்கலாம். முதலில் டிரிகரைக் குறைத்துப் பாருங்கள், அடுத்து அழுத்தம், கடைசியாகத்தான் கலவை. ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும்.

தனித்தனிப் புள்ளிகளாக, மணல் தெளித்ததுபோல விழுந்தால் பெயின்ட் கெட்டி, அல்லது அந்தக் கெட்டிக்கு அழுத்தம் போதவில்லை. ஒரு சொட்டு தின்னர் சேர்த்து மறுபடி அடியுங்கள். இரண்டு மூன்று சொட்டு சேர்த்தும் மாறவில்லை என்றால் நாசிலில் ஏதோ சிக்கியிருக்கிறது.

தொட்டால் பவுடர்போலச் சொரசொரப்பாக இருந்தால் துளிகள் வழியிலேயே காய்ந்துவிட்டன. கிட்டத்தில் பிடியுங்கள், பொதுவான பூச்சுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் தூரம் போதும். அழுத்தத்தைக் குறையுங்கள். வெயிலும் உலர்ந்த காற்றும் உள்ள நாள் என்றால் ஒரு சொட்டு ரிடார்டர், லாக்கர் என்றால் லெவலிங் தின்னர்.

ஆரஞ்சுத் தோல்போலக் குழி குழியாகக் காய்ந்தால் துளிகள் வந்து சேர்ந்தன, ஆனால் சமமாவதற்குள் இறுகிவிட்டன. கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் கிட்டத்தில், கொஞ்சம் ஈரமாக அடித்தால் சரியாகும்.

ஒரே இடத்தில் நின்று அடித்தால் பெயின்ட் வடியும். கலவையைக் குறை சொல்லும் முன் கை நகர்கிறதா என்று பாருங்கள். பொருளுக்கு வெளியே காற்றைத் தொடங்கி, பொருளைக் கடந்து போய், வெளியே முடிக்க வேண்டும். டிரிகரில் காற்று முதலில், பெயின்ட் பிறகு; முடிக்கும்போது பெயின்ட்டை முதலில் நிறுத்தி, காற்றைக் கடைசியில் நிறுத்த வேண்டும். இதை மாற்றிச் செய்தால் நுனியில் தங்கும் துளி அடுத்த முறை டிரிகரைத் தொட்டவுடன் மாடல்மேல் தெறிக்கும்.

லாக்கர் வார்னிஷ் காய்ந்தபின் வெண்மூட்டமாகத் தெரிந்தால் அது ஈரக்காற்றின் வேலை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அங்கே படிகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னரை மேலே மென்மையாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். மழை நாளில் வார்னிஷ் வேலையைத் தள்ளிப்போடுவது இன்னும் எளிது.

கப்பில் குமிழ் கிளம்பினால் கலவைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாசில் அடைத்திருக்கிறது, அல்லது முன்மூடி தளர்ந்து காற்று பின்னால் போகிறது, அல்லது நாசிலில் விரிசல்.

நுனியில் காய்வது

தண்ணீர் அக்ரிலிக் பயன்படுத்தும் எல்லாருக்கும் இது வரும். சில நிமிடம் அடித்தபின் கோடு ஒரு பக்கமாகச் சாயும், அப்புறம் விட்டு விட்டு வரும், கடைசியில் நிற்கும். ஊசி நுனியில் பெயின்ட் காய்ந்து ஒட்டியிருக்கும். ஃப்ளோ இம்ப்ரூவரில் நனைத்த மென்மையான தூரிகையால் நுனியைத் துடைத்துவிட்டு, பொருளைத் தவிர்த்து வேறு பக்கம் ஒருமுறை அடித்துத் தொடருங்கள். இது பழுது இல்லை. வேலையின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்காமலே துடைத்துவிடுங்கள். விரலால் மட்டும் வேண்டாம், அந்த ஊசி தோலைத் துளைக்கும், தானும் வளையும். நுனி வளைந்த ஊசியில் பெயின்ட் இன்னும் சீக்கிரம் காய்ந்து ஒட்டும்.

நிறங்களைக் கலப்பது

இரண்டு மூன்று நிறங்களைச் சேர்த்துப் புது நிறம் வேண்டுமானால் முதலில் கரைக்காத நிலையில் நிறத்தைப் பிடியுங்கள். தின்னர் அதன் பிறகு. வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைத் துளித் துளியாகச் சேருங்கள். மஞ்சளைப் பச்சையாக்க ஒரு துளி நீலம் போதும். நீலத்தை மஞ்சளால் வெல்ல நினைத்தால் கிண்ணம் நிரம்பிவிடும். வெளிற வைக்க எப்போதும் வெள்ளையை நாடாதீர்கள். சிவப்பில் வெள்ளை கலந்தால் ரோஜா நிறமாகும். சிவப்பாகவே வெளிர வேண்டுமானால் ஆரஞ்சு அல்லது தோல்நிறம் சேர்த்துப் பாருங்கள்.

தண்ணீர் அக்ரிலிக் ஈரத்தில் வெளிர்ந்தும் காய்ந்தபின் சற்று அடர்ந்தும் தெரியும். ஈரமான பைண்டர் வெண்மையாக இருப்பதுதான் காரணம், காய்ந்தால் அது கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். அதனால் கிண்ணத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாமல் வீண் துண்டில் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள். வேலைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே கலந்து, சொட்டுக் கணக்கை எழுதி வையுங்கள். பாதியில் தீர்ந்துபோன நிறத்தை நினைவிலிருந்து அப்படியே திரும்பக் கலக்க யாராலும் முடியாது.

முரண்டு பிடிக்கும் சில

வெள்ளைதான் முதல் எதிரி. அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைவிட 4 மடங்குக்கு மேல் கனம். கப்பில் நின்றாலே கீழே படியத் தொடங்கும். மற்ற நிறங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்து, அடிக்கடி கலக்கி, பல மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். மஞ்சள் மூடாமல் படுத்தும். அடியில் வெள்ளை அல்லது வெளிர் ரோஸ் அடித்துவிட்டு அதன்மேல் அடித்தால் பாதி வேலை மிச்சம்.

உலோக நிறங்களில் தட்டையான செதில்கள் உண்டு. 0.2 நாசிலில் அடைக்கும் வாய்ப்பு அதிகம், 0.4 அல்லது 0.5க்கு மாறுங்கள். மேட் வார்னிஷ்ஷில் மங்கலைத் தரும் தூள் பாட்டிலின் அடியில்தான் கிடக்கும். சரியாகக் குலுக்காமல் அடித்துவிட்டு "மேட் என்று போட்டிருக்கிறது, பளபளக்கிறதே" என்று பாட்டிலைத் திட்டுபவர்கள் நிறைய.

பாலியூரித்தேன் பிரைமரை மட்டும் அதிகம் கரைக்க வேண்டாம். அப்படியே, அல்லது ஓரிரு சொட்டு தின்னரோடு, 20 முதல் 25 பிஎஸ்ஐயில் 0.4க்கு மேற்பட்ட நாசிலில் அடியுங்கள். நீர்த்துவிட்டால் பரப்பில் ஒட்டும் சக்தியை இழக்கும், பிரைமர் அடித்ததற்கே பொருள் இல்லாமல் போகும்.

ஒன்றின்மேல் ஒன்று அடிப்பதிலும் வரிசை உண்டு. நன்றாகக் காய்ந்த லாக்கர் மேல் அக்ரிலிக்கோ எனாமலோ அடிக்கலாம். அக்ரிலிக் அல்லது எனாமல் மேல் லாக்கரை ஈரமாக அடித்தால் கீழே இருப்பது சுருங்கிக் கிளம்பும் ஆபத்து இருக்கிறது.

நிறம் மாற்றும்போதும் முடிக்கும்போதும்

ஒரே ரகத்தில் நிறம் மாற்ற, கப்பைத் துடைத்து, தின்னரை ஊற்றித் தெளிவாக வரும்வரை அடித்தால் போதும். தண்ணீர் அக்ரிலிக்கிலிருந்து லாக்கருக்கு மாறுவதாக இருந்தால் முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவி, உலரவிட்டு, பிறகு லாக்கர் தின்னர் ஓட்டுங்கள். இடையில் மிஞ்சும் அக்ரிலிக் மேல் லாக்கர் தின்னர் பட்டால் உள்ளேயே பசையாகிவிடும்.

நாசில் முன்னால் துணியை வைத்து மூடி, காற்றை மெதுவாகத் திறந்து டிரிகரை இழுத்தால் காற்று பின்வழியாகக் கப்புக்குள் குமிழும். உள்ளே ஒட்டியிருப்பதைக் கிளப்ப இது நல்ல வழி. கப் நிறைய இருக்கும்போது செய்யாதீர்கள், முகத்தில் தெறிக்கும்.

மிஞ்சிய கலவையில் லாக்கர், எனாமல் ரகங்களை இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில், விகிதம் எழுதி ஒட்டி வைத்துப் பின்னர் பயன்படுத்தலாம். கரைத்த தண்ணீர் அக்ரிலிக்கை ஓரிரு நாளுக்கு மேல் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அசல் பாட்டிலில் மட்டும் திரும்ப ஊற்றாதீர்கள். வீணாகும் தின்னரையும் பெயின்ட்டையும் சாக்கடையில் கொட்டாமல் மூடியுள்ள உலோக டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். தண்ணீர் அக்ரிலிக் மிச்சத்தை மட்டும் பழைய காகிதத்தில் ஊற்றிக் காயவிட்டுக் குப்பையில் போட்டுவிடலாம். தின்னர் நனைந்த துணியைச் சுருட்டிக் கூடையில் எறியாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் விரித்து உலர்த்தியபின் போடுங்கள்.